நிற்கிற கால்

தேங்காய் மட்டையைக் காலில் போட்டுத் தரை தேய்த்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு முதலிலிருந்து விளக்கிச் சொல்ல இப்போது தெம்பு இல்லை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமும் இல்லை. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

போன மாதம் அடுப்பிலிருந்து மீன் குழம்புச் சட்டியை இறக்கி, பின்னால் இருக்கிற மேசையில் வைப்பதற்குத் திரும்பினேன். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. இடது முழங்காலுக்குள் நறுக்கென்று ஒரு வலி. சட்டியைக் கீழே விடாமல் எப்படியோ மேசையில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்போங் மேடானில் எங்கள் ஃபிளாட்டில் லிப்ட் வேலை செய்கிற நாளாகப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் சின்ன வயசு. நம் தமிழ்ப் பெண்தான்.

"ஆன்டி, எப்படித் திரும்புனீங்கன்னு அப்படியே செஞ்சு காட்டுங்க."

வெறும் கையைச் சட்டி பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு செய்து காட்டினேன்.

"கீழ என்ன போட்டிருக்கீங்க, அடுப்படியில?"

"ரப்பர் மேட்."

"அதான்லா. பாதம் ரப்பர்ல ஒட்டிக்கிச்சு, இடுப்பு மட்டும் திரும்பிருச்சு. நடுவுல மாட்டிக்கிட்டது முட்டி. மொதல்ல பாதத்தத் திருப்பணும், அப்புறம் இடுப்பு. சரியா ஆன்டி? தேக்குவாண்டோ படிக்கிற புள்ளைங்க இதே மாதிரிதான் எங்ககிட்ட வருவாங்க. உதைக்கிற காலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நிக்கிற கால்தான் போயிருக்கும்."

என் மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அந்த மேட்டை வாங்கிப் போட்டவள் அவள். "வழுக்கக் கூடாதுன்னுதானே போட்டேன்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி சொன்னாள்.

இந்தச் சொல்லை இதே குரலில் நான் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்து சில மாதம்.

"ஒம் மேல என்னம்மா தப்பு? நல்லதுக்குத்தானே போட்டே" என்று மகளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் எங்கள் வீடு. அந்த வரிசை இப்போது இல்லை. அங்கே போய் நின்றால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்றே தெரிவதில்லை. அப்பாவுக்கு ரயில்களைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி. நான் ஒரே பிள்ளை. சித்தப்பாவுக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற வேலை, அதுவும் கூப்பிட்டால்தான். ராத்திரி முன் அறையில் பாய் போட்டுப் படுப்பார். விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்துவார்.

அந்த முன் அறைக்குச் சிவப்புச் சிமெண்ட் தரை. ஆறாம் வகுப்பு முடிந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள் என்றேனே, நிறுத்தின மறுநாளே தரை என் பொறுப்பு ஆனது. தகர டின்னில் சிவப்பு மெழுகு வரும். துணியில் தொட்டு, முட்டி போட்டு, தரை முழுக்கப் பூச வேண்டும். காய்ந்த பிறகு மட்டை. முழுத் தேங்காயின் உரி மட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் நார் எல்லாம் பிரஷ் மாதிரி கீழ்ப்பக்கம் நிற்கும். அதன் முதுகில் வலது காலை வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும்.

காலால் தேய்ப்பது என்று சொல்கிறோம். காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. நீங்கள் தேய்த்திருந்தால் தெரியும், தேய்ப்பது இடுப்பு. இடுப்பு இந்தப் பக்கம் போனால் மட்டை அந்தப் பக்கம் போகும். நிற்கிற கால் சும்மா நிற்கக் கூடாது; முன்பாதத்தில் பாரத்தை வைத்து, குதிகாலை லேசாகத் தூக்கி, இடுப்பு திரும்பும்போதெல்லாம் அதுவும் கூடவே திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் முட்டி கடுக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடுத்துக் கடுத்து அதுவாகவே வந்தது.

எங்கள் தரையில் முகம் தெரியும். அக்கம்பக்கத்தில் அதற்காகவே வந்து எட்டிப் பார்ப்பார்கள். நான் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவேன்.

சித்தப்பா கராத்தே படித்தார். அது கராத்தே இல்லையாம், கொரியாக்காரர்களின் வேறு கலையாம்; எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கராத்தேதான். காப்பிக் கடைக்குப் பின்னால் பலகைத் தரை போட்ட ஒரு கொட்டகையில் வாரம் மூன்று நாள் வகுப்பு நடக்கும். மாஸ்டர் சீனர். ஒல்லியான மனிதர், தலை நரைத்தவர், அதிகம் பேச மாட்டார். சித்தப்பா வேலை முடிந்து நேராக அங்கே போவதால் அம்மா தூக்குச்சட்டியில் சோறு கொடுத்து அனுப்புவாள். நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பு முடிகிற வரை பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் கவனிக்காத இடம் அது ஒன்றுதான். அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

கூட்டத்திலேயே சித்தப்பாதான் பலசாலி. மூட்டை தூக்கிய உடம்பு. அவர் உதைத்தால் மணல் பை சங்கிலியோடு ஆடும். ஆனால் மாஸ்டர் திருப்தி ஆக மாட்டார். கையில் சாக்கட்டி எடுத்து வருவார். சித்தப்பாவின் நிற்கிற காலைச் சுற்றிப் பலகையில் கோடு போடுவார், பிள்ளைகள் சிலேட்டில் கையை வைத்து வரைவது போல. பிறகு உதைக்கச் சொல்வார். உதைத்து முடித்ததும் எல்லாரும் பையைப் பார்ப்பார்கள். மாஸ்டர் குனிந்து தரையைப் பார்ப்பார். குதிகால் கோட்டை விட்டு நகர்ந்து, அடி வாங்குகிறவனைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். சித்தப்பாவின் குதிகால் பாதி தூரம்தான் போயிருக்கும்.

"பூசிங், பூசிங்" என்பார் மாஸ்டர். திருப்பு, திருப்பு என்று மலாயில்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சித்தப்பா எனக்குப் பாடம் எடுப்பார். நான் கேட்கிறேனா இல்லையா என்பது அவருக்குக் கவலை இல்லை.

"முட்டிய மொதல்ல தூக்கணும் பாப்பா. அப்புறம் இடுப்பு. கால் கடைசியிலதான் நீளணும். ஒங்கம்மா போர்வை தொவைக்கிறாங்கள்ல, நுனிதான் கல்லுல விழுவுது, சத்தம் அங்கதான் வருது. ஆனா சுத்துறது எங்க? இடுப்புல. புரியுதா?"

"ம்."

"என்னா ம். ஒனக்குப் புரியுது, எனக்குப் புரியமாட்டேங்குது. காலு கேக்கமாட்டேங்குதுலா."

அந்த வருஷம் அவருக்குப் பெரிய பரீட்சை. கறுப்பு பெல்ட். தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். மாஸ்டருக்குக் கிள்ளானில் இன்னொரு வகுப்பு தொடங்குகிற எண்ணம் இருந்தது. பரீட்சையில் தேறினால் கிள்ளான் வகுப்பை நீ பார்த்துக்கொள் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். சித்தப்பா அதை வீட்டில் சொன்ன அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலத் தூக்கி ஒதைக்கிறவனுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்?"

"மாஸ்டர் குடுப்பாருண்ணே. மாசா மாசம்."

"மாட்டுக்குக்கூட ஒதைக்கத் தெரியும். அதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுக்குறானா?"

"மாடு பின்னாலதான் ஒதைக்கும். நான் சைடுலயும் ஒதைப்பேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மாவுக்குச் சித்தப்பா என்றால் உயிர். எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து தங்கவில்லை. நான் பிறந்த பிறகு வேறு பிள்ளை இல்லை. எட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்த கொழுந்தனை அம்மா சோறு ஊட்டி வளர்த்தவள். அவருக்கு ஒரு மாதச் சம்பளம், யாரும் கூப்பிடத் தேவையில்லாத ஒரு வேலை. அம்மாவுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. தேறினால் பத்துமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

அப்புறம் மழை பிடித்தது. வருஷக் கடைசி மழை. சித்தப்பா தனியாகப் பழகுகிற திடல் சேறாகிவிட்டது. வகுப்போ வாரம் மூன்று நாள்தான். அதனால் வேலையிலிருந்து வந்ததும் எங்கள் முன் அறையில் பழக ஆரம்பித்தார். நாற்காலி இரண்டையும் மூலைக்குத் தள்ளி, சுவரில் அப்பாவின் சட்டை தொங்குகிற ஆணியைக் குறி வைத்து உதைப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் மெழுகிய தரையில் அவர் குதிகால் திரும்பியது. கொட்டகைப் பலகையில் பாதி தூரம் போனது, இங்கே வழுக்கிக்கொண்டு முழுவதும் போனது. கதவோரம் நின்று பார்த்தேன். எனக்கே சந்தோஷமாக இருந்தது. மட்டை தேய்க்கும்போது என் கால் திரும்புகிற மாதிரியே திரும்பியது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை; பின்புறம் பட உட்கார்ந்த மாதிரி விழுந்து, அவரே சிரித்தார். ஆனால் அப்பா பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"யாரு ஒன்ன இப்படி மெழுகச் சொன்னது? இது வீடா, எண்ணெய்ச் சட்டியா? பரீட்சைக்குப் போறவன் இடுப்ப ஒடிச்சிக்கவா?"

அதே தரையைத்தான் முந்தின வாரம் வந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அம்மா மளிகைக் கடையிலிருந்து அரிசிச் சாக்கு நாலு வாங்கி வந்தாள். கழுவி, அடுப்புச் சூட்டில் காய வைத்து, கோணி ஊசியால் நாலையும் ஒன்றாகத் தைத்தாள். தையல் கையில் தட்டுப்படாது. அவ்வளவு நெருக்கமாக, மட்டமாகத் தைப்பாள். முன் அறை நடுவில் விரித்து, நாலு மூலையிலும் நகராமல் இருக்க ஒரு பக்கம் அம்மிக்கல், ஒரு பக்கம் அலமாரிக் கால், மற்ற இரண்டு பக்கம் செங்கல். சித்தப்பா வந்து ஏறி நின்று குதித்துப் பார்த்தார்.

"அண்ணி, இது மாஸ்டர் கொட்டாயவிட ஜோரா இருக்கு."

"வழுக்கக் கூடாதுன்னுதானே போட்டேன். இனி பயமில்லாம ஒதை."

அந்தச் சொல்லைத்தான் ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

எனக்கும் அந்தச் சாக்கு பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். அறையில் பாதித் தரை அதற்கடியில் போய்விட்டது. பாதிதான் மெழுக வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்து மட்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாக்கின் ஓரத்துக்கு வந்தபோது இடது கால் சாக்கின் மேலும் வலது கால் மட்டையிலுமாக இருந்தது. வழக்கம்போல இடுப்பைத் திருப்பினேன். இடது பாதம் திரும்பவில்லை. சணல் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. முட்டிக்குள் கிள்ளின மாதிரி வலித்தது.

மட்டையை ஓரமாக வைத்தேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மெழுகிய பக்கம் போய் நின்று, சித்தப்பா சொன்ன மாதிரியே முட்டியைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, உதைத்தேன். கால் தானாகச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலி முதுகைத் தொட்டது. பிறகு சாக்கின் மேல் நின்று, மெதுவாக, அதையே செய்தேன். பாதம் வைத்த இடத்திலேயே நின்றது. முட்டி ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம். பாதியிலேயே காலைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது அம்மா பின் கதவு வழியாக உள்ளே வந்தாள்.

"பொம்பளப் புள்ள காலத் தூக்குற அழகப் பாரு." காதைப் பிடித்துத் திருகினாள். "நாளைக்கு எவன் கட்டிக்குவான் ஒன்ன?"

"இல்லம்மா. இந்தச் சாக்குல..."

"சாக்குக்கு என்னா? மெழுகுற வேலை கொறைஞ்சுதேன்னு வாய மூடிட்டு இரு."

மட்டையை எடுத்து மறுபடி காலில் போட்டுக்கொண்டேன். வேலை குறைந்தது உண்மை, எனக்கு அது சந்தோஷம் என்பதும் உண்மை. உள்ளே இருப்பதை அம்மா படித்துவிட்ட மாதிரி இருந்தது. சித்தப்பாவிடமாவது சொல்லியிருக்கலாம். கராத்தேயைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்வது? நானோ படிப்பை நிறுத்தின பெண். அவரோ ஊரே வேடிக்கை பார்க்கிற உதைக்காரர். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தைப்பூசமும் வந்துவிட்டது.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது நடந்தது. சாயங்காலம். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தேன். சித்தப்பா அன்று முழுப் பலத்தோடு உதைத்தார். பரீட்சையில் பலகை உடைக்க வேண்டும் என்பதால். ஐந்தாறு உதை. அடுத்த உதையில் முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் கத்தவில்லை. மெதுவாக, தூங்கப் போகிற ஆள் மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்கிற வரைக்கும் அந்த இடது பாதம் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பத்துக் குடியிருப்பிலிருந்து கை கால் உருவி விடுகிற மலாய்க்காரக் கிழவரை அழைத்து வந்தார்கள். சுளுக்கு என்று சொல்லி எண்ணெய் போட்டு இழுத்தார். முட்டி பூசணிக்காய் மாதிரி ஆனது. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பரீட்சை நாள் வந்தது, போனது. கிள்ளான் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கண் பட்டது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அப்பா வேறு முடிவுக்கு வந்தார். கொட்டகைக்கே போய், எல்லார் முன்னாலும் மாஸ்டரைப் பேசிவிட்டு வந்தார். ஆறடி ஆளை அனுப்பினேன், நொண்டியாக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டாய், நீ சொல்லிக் கொடுத்த உதைதானே அது என்று. மாஸ்டர் பதில் பேசவில்லையாம். அதையே அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஆரஞ்சுப் பழப் பையும் தைல பாட்டிலும். சீனப் பெருநாள் முடிந்த சமயம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பா உள் அறையில் படுத்திருந்தார், மருந்தில் தூக்கம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் உள்ளே வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாக்கு அப்படியே விரித்துக் கிடந்தது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதன் மேல் கால் வைத்தவர் நின்றுவிட்டார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. குனிந்து, உள்ளங்கையைச் சாக்கில் அழுத்தித் திருகிப் பார்த்தார். பிறகு இது யார் போட்டது என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்" என்றாள் அம்மா. "வழுக்கக் கூடாதுன்னு."

மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னையும் ஒருமுறை பார்த்தார். ரொம்ப நேரம் மாதிரி இருந்தது எனக்கு. பிறகு, தான் திருகிய இடத்தில் சாக்கு சுருங்கியிருந்ததை உள்ளங்கையால் நீவி மட்டமாக்கினார். "பாகுஸ்" என்றார். நல்லா இருக்கு என்று அர்த்தம். ஆரஞ்சையும் தைலத்தையும் நாற்காலியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் அவர் பேர் கெட்ட பேர்தான். கதவோரம் நின்றிருந்த நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படி ஆகியிருக்காது.

அன்று சாயங்காலம் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். சடை பின்னி முடித்த பிறகும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. முன்பு திருகின காதைக் கொஞ்ச நேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வலி போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மறுநாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறம் போட்டுக் கொளுத்தினாள். நல்ல சாக்கு நாலு. கரி வைக்கலாம், தேங்காய் வைக்கலாம். ராசியில்லாத சாக்கு என்றாள்.

நான் மறுபடியும் முழுத் தரையையும் மெழுகினேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கால்மிதிகூடக் கிடையாது. மழை நாளில் அப்பா சேற்றுக் காலோடு வந்து, "ஒரு சாக்குத் துண்டு போட்டா என்னா, ஊர்ல இல்லாத வீடு" என்று கத்துவார். அம்மா பதில் பேசாமல் துணியை எடுத்து வந்து அவர் காலைத் துடைத்துவிடுவாள். குவார்ட்டர்ஸை விட்டு வேறு வீடு போனோம், அங்கேயும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, அம்மா என் வீட்டுக்கு வந்து தங்கும்போது குளியலறை வாசலில் கிடக்கிற மிதியடியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடுவாள். வயதான பிடிவாதம் என்று நானும் திரும்பவும் விரித்துப் போடுவேன்.

சித்தப்பா தேறவே இல்லை, ஆனாலும் அம்மா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தாள். படி ஏறி இறங்கி அவள் முட்டியும் தேய்ந்தது. எதுக்கும்மா வருஷா வருஷம் என்றால், "ஒண்ணு கேட்டிருக்கேன்" என்பாள். என்ன கேட்டாள் என்று சொன்னதில்லை. அவள் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டி கொஞ்சம் தேவலையானதும் கொமியூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். சித்தப்பா அங்கேதான் இருக்கிறார், மகன் வீட்டில். துறைமுகத்துக் கிடங்கில் கேட் பார்த்துக்கொண்டு வேலைக் காலம் முழுவதையும் ஓட்டியவர். இப்போது எண்பதைத் தொடப் போகிறார். இன்றைக்கும் திரும்ப வேண்டும் என்றால் நின்று, நாலு சின்ன அடி வைத்துத்தான் திரும்புகிறார், பஸ் திரும்புகிற மாதிரி.

"என்னா பாப்பா, நீயும் நொண்டுறே?"

"அடுப்படியில திரும்புனேன் சித்தப்பா. ரப்பர் மேட்டு."

"பாதம் மாட்டிக்கிச்சா?"

"ம்."

அவர் மைலோ கலக்கினார். நான் கலக்குகிறேன் என்றால் விடவில்லை. குடித்து முடிக்கிற வரை வேறு என்னென்னவோ பேசினோம். குவளையைக் கீழே வைத்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சாக்கில் பாதம் திரும்பாது என்று எனக்குத் தெரியும். நான் உதைத்துப் பார்த்தேன். முன்னாடியே தெரியும். சொல்லவில்லை.

சித்தப்பா என் குவளையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"எனக்கும் தெரியும்லா" என்றார். "சாயிறப்பவே தெரிஞ்சிருச்சு. சாக்குன்னு."

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லல? மாஸ்டர அப்படிப் பேசினாரே."

"எப்படிச் சொல்றது? அண்ணி போட்ட சாக்கு. சொல்லியிருந்தா அண்ணன் அண்ணிய என்னா பாடு படுத்தியிருப்பாரு. அண்ணி அதோட செத்துருப்பாங்க." முட்டியைத் தடவிக்கொண்டார். "ரெண்டு வருஷம் கழிச்சு மாஸ்டர்கிட்டப் போனேன், மன்னிப்புக் கேக்க. அவரு சிரிச்சாரு. ஒங்க அண்ணி தையல் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு."

நான் மூன்று பேரைக் கணக்குப் போட்டேன். மாஸ்டர், சித்தப்பா, நான். மூன்று பேரும் அம்மாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

சித்தப்பா சிரிக்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பூத்துப்போன கண்.

"அண்ணிக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல பாப்பா?"

மாஸ்டர் சாக்கைத் திருகிப் பார்த்தபோது அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். நான் 'இந்தச் சாக்குல' என்று ஆரம்பித்ததும் அவள் காதில் விழுந்திருந்தது. கொளுத்தின சாக்கு, தடவின காது, சுருட்டி வைத்த மிதியடி. அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்தே தெரியும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பேசாமல் இருந்ததில், ஒம் மேல தப்பில்லை என்று அவளிடம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனது. என் மகளுக்கு நான் சொன்னேன். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சித்தப்பா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் நொண்டி நடந்ததெல்லாம் இந்த ஒரு பதிலுக்காகத்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"தெரியாது சித்தப்பா" என்றேன். "அம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

"அது போதும்" என்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தேன். கதவுப் பக்கம் போக, முதலில் பாதத்தைத் திருப்பினேன். பிறகு இடுப்பு.